ஓல்ட்பரோவின் இசைவிழாவும் ஊர்ப் பிள்ளைகளும்



வானொலியிலே பேசப்படும் ஓர் இலக்கிய உரை எவ்வளவு தூரம் போய்ச் சேரும்? பேசி முடித்ததும் அது காற்றோடு போய்விடும் என்பதே பலரின் எண்ணம். பத்திரிகையில் அச்சானால் ஆயுள் சற்றுக் கூடும். ஆனால் மறுவாரம் அந்தப் பத்திரிகையும் கடையிலே சரை சுற்றுவதற்குப் போய்விடும். இருந்தும் அப்படிப் பேசப்பட்டு, அப்படியே அச்சேறிய ஓர் உரை அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து சென்று, ஓர் இசைநாடகத்துக்கும், அதன்வழி ஓர் ஊரின் இசைவிழாவுக்கும் வித்தாயிற்று. இன்று அந்த விழாவைப் பற்றியும், அது தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இசையைக் கொடுத்த முறையைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகின்றேன்.

1941ஆம் ஆண்டு. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாவலாசிரியர் ஈ. எம். போர்ஸ்டர், ஜோர்ஜ் கிறாப் என்னும் பழைய ஆங்கிலக் கவிஞரைப் பற்றிப் பேசிய வானொலி உரையைப் பி.பி.சி. நிறுவனத்தின் 'லிசினர்' வார ஏடு அவ்வாண்டு மே மாதம் வெளியிட்டது. அந்த ஏடு எப்படியோ அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தங்கியிருந்த இளைஞர் ஒருவரின் கைக்குச் சென்றது. அவர் பெயர் பெஞ்சமின் பிரிற்றன். வயது இருபத்தேழு. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்து லோஸ்ரொஃப்ற் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தவர். இசையமைப்பாளராகப் பெயர் பெறத் தொடங்கியிருந்தவர். 1939இல் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டவர்.

கவிஞர் கிறாப்பும் அதே கரையைச் சேர்ந்தவர்தாம். 1754இல் ஓல்ட்பரோ என்னும் மீன்பிடி ஊரில், உப்புவரி அறவிடும் உத்தியோகத்தரின் மகனாகப் பிறந்தார். அப்போதிக்கரி வேலை பழகி, பின்னர் சமயகுருவானார். நாட்டுப்புறம் என்றால் ஆடும் புல்வெளியும் குழலூதும் இடையனுமே என்று மற்றவர்கள் பாடிய காலத்தில், அவர் தம் ஊரின் வறுமையையும் குடியையும் கொடுமையையும் உள்ளபடி எழுதினார். 1810இல் வெளிவந்த அவரது 'த பறோ' என்னும் நீண்ட கவிதைநூலிலே பீற்றர் கிறைம்ஸ் என்றொரு மீனவன் வருகின்றான். அவனிடம் வேலைக்கு விடப்பட்ட அநாதைச் சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோகின்றார்கள். ஊர் முதலிற் பார்த்துக்கொண்டிருக்கின்றது, பிறகு முணுமுணுக்கின்றது, கடைசியில் அவனை ஒதுக்கிவைக்கின்றது.

போர்ஸ்டரின் உரையை வாசித்த பிரிற்றனுக்குத் தம் வேர் எங்கே இருக்கின்றது என்பது விளங்கிற்று. அவரும் அவருடைய நண்பர், பாடகர் பீற்றர் பியர்ஸும் கிறாப்பின் கவிதைகளைத் தேடி எடுத்து வாசித்தனர். 1942இல் இருவரும் இங்கிலாந்து திரும்பினர். 1945 ஜூன் 7ஆம் திகதி இலண்டனில் 'பீற்றர் கிறைம்ஸ்' என்னும் ஒபெரா, அதாவது முழுவதும் பாடி நடிக்கப்படும் இசைநாடகம், அரங்கேறியது. ஆங்கில ஒபெராவின் மறுமலர்ச்சி அன்றிரவு தொடங்கிற்று என்று இசை வரலாற்றாளர்கள் பலர் கூறுவர்.

இத்துடன் நின்றிருந்தால் இது ஒரு கலைஞனின் வெற்றிக்கதை மட்டுமே. 1947இல் பிரிற்றன் ஓல்ட்பரோவுக்கே குடிபோனார். கடலைப் பார்த்த அந்த வீடு இருந்த தெருவின் பெயரும் கிறாப் தெருதான். அவ்வாண்டு கோடையில் அவரும் நண்பர்களும் பன்னிரண்டு, பதின்மூன்று வாத்தியக்காரர்கள் கொண்ட சிறு ஒபெராக் குழுவோடு ஐரோப்பாவிற் சுற்றுப்பயணஞ் செய்தனர். பெருஞ்செலவு; எங்கோ உள்ள மக்களுக்காக நெடும்பயணம். அப்போது பியர்ஸ் ஒரு யோசனை சொன்னார்: நாங்கள் ஏன் நம்முடைய ஊரிலேயே, நண்பர்கள் சிலரின் கச்சேரிகளோடு, ஒரு சின்ன விழாவை வைக்கக் கூடாது?

1948 ஜூன் 5ஆம் திகதி ஓல்ட்பரோ விழா தொடங்கியது. முந்நூறு பேரளவே கொள்ளும் ஜுபிலி மண்டபம், ஊர்த் தேவாலயம் ஆகியவையே அரங்குகள். இடத்தின் அளவே இசையின் அளவையும் தீர்மானித்தது. மேலைச் சங்கீதத்திற் 'சேம்பர் இசை' என்றொரு வகையுண்டு. ஓர் அறைக்குள் அடங்கும் இசை என்பது சொல்லின் பொருள். வயலின் இரண்டு, வியோலா ஒன்று, செலோ ஒன்று என நால்வர் சேர்ந்து வாசிப்பது அதற்கு நல்ல உதாரணம். நடத்துனர் இல்லை. ஒருவர் மற்றவரைக் கேட்டுக்கொண்டே வாசிக்கவேண்டும். கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. ஓல்ட்பரோ விழாவின் உயிர்நாடி இந்தச் சிறுகுழு இசைதான் எனலாம். அந்த முதல் விழாவிலே போர்ஸ்டரே நேரில் வந்து கிறாப்பைப் பற்றிப் பேசினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. தாம் விதைத்த விதை முளைத்ததை அவர் கண்ணாற் கண்டார்.

தொடக்க நாளிற் பாடப்பட்டது பிரிற்றனின் 'செயின்ற் நிக்கலஸ்' என்னும் இசைப்படைப்பு. அதன் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். நடுவிலே ஒரு தேர்ந்த பாடகர். சுற்றிவரப் பயிற்சி குறைந்த பாடகர் குழுக்கள். இரண்டு இடங்களில், தேவாலயத்திற் கேட்டுக்கொண்டிருக்கும் சனங்களே எழுந்து நின்று தமக்குத் தெரிந்த பக்திப் பாடலைப் பாடவேண்டும். கேட்க வந்தவர்கள் பாடகர்களாகிவிடுகின்றார்கள். விழாவின் கல்விப் பணி என்று பின்னர் சொல்லப்பட்டதெல்லாம் இந்த ஒரு பொறியில் இருந்தே பிறந்ததாக நான் கருதுகின்றேன்.

மறுவருடம், 1949இல், அதே சிறு மண்டபத்திற் பிள்ளைகளுக்கான ஒரு நிகழ்ச்சி. அதன் பெயரே 'ஒரு ஒபெரா செய்வோம்' என்பது. எழுதியவர் எரிக் குறோசியர். முற்பகுதியிலே பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஓர் இசைநாடகத்தை ஆயத்தஞ் செய்கின்றார்கள். அந்த ஆயத்தத்துக்குள்ளேயே சபையோருக்கும் நான்கு பாடல்கள் பழக்கப்படுகின்றன. பிற்பகுதியில் 'சின்னப் புகைபோக்கிப் பையன்' என்னும் நாடகம் நடைபெறுகின்றது. புகைபோக்கிக்குள் ஏறிக் கரி துடைக்க விற்கப்பட்ட சாம் என்னும் ஏழைச் சிறுவனைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் கதை. கவிஞர் வில்லியம் பிளேக் அப்படிப்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதிய கவிதைகளே இதற்குத் தூண்டுதல். இங்கிலாந்திற் சிறுவரைப் புகைபோக்கியில் ஏற்றும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது 1875இல் வந்த சட்டந்தான்.

பக்கவாத்தியமாக நால்வர் தந்திக் குழு, நான்கு கைகளால் வாசிக்கும் ஒரு பியானோ, தாளவாத்தியம். அவ்வளவே. இரவுப் பாடலிற் சபை நான்காகப் பிரிக்கப்படுகின்றது. ஒரு பகுதியார் ஆந்தை, ஒரு பகுதியார் நாரை, மற்றொரு பகுதியார் புறா, இன்னொரு பகுதியார் சிறுகுருவி. முறைமுறையாகப் பாடி இறுதியில் எல்லாரும் சேர்கின்றார்கள். பல குரல்கள் ஒரே நேரத்தில் இணைந்தும் வேறுபட்டும் செல்லும் மேலை இசையின் அடிப்படையை, ஒரு வார்த்தை விளக்கமில்லாமல், அந்த மண்டபத்திலிருந்த கடைசிப் பிள்ளையும் தன் தொண்டையினாற் கற்றுக்கொண்டது.

இங்கே இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். அவர் இமோஜன் ஹோல்ஸ்ற். இசையமைப்பாளர் குஸ்ராவ் ஹோல்ஸ்ற்றின் மகள். தந்தை சமஸ்கிருதம் கற்றவர். இருக்குவேதப் பாடல்களுக்கு இசையமைத்தவர். மகாபாரதத்துச் சாவித்திரி கதையை மூன்றே பாத்திரங்கள் கொண்ட சிறு ஒபெராவாக்கியவர். தொழிலாற் பாடசாலை ஆசிரியர்; 1905 முதல் 1934இற் காலமாகும்வரை ஒரே பெண்கள் பாடசாலையிற் கற்பித்தவர். மகளும் கற்பிப்பதையே பெருந்தொழிலாகக் கொண்டவர். யுத்த காலத்திற் கிராமங்கிராமமாகச் சென்று, இசை அறியாத மக்களுக்கு இசை பழக்கினார். 1950-51 குளிர்காலத்திலே தாகூரின் சாந்திநிகேதனில் தங்கி இந்திய இசை கற்றார். 1952இற் பிரிற்றனின் உதவியாளராக ஓல்ட்பரோ வந்து, பின்னர் விழா நெறியாளர்களில் ஒருவரானார். 1956 விழாவிற் 'சாவித்திரி' மேடையேறியது. அந்த ஆண்டுத் தொடக்கத்திற் பிரிற்றனும் பியர்ஸும் பாலி, ஜப்பான், இந்தியா, இலங்கை என்று நீண்ட கீழைத்தேசப் பயணம் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தனர்.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான இடத்துக்கு வருகின்றேன். 1958 ஜூன் 18ஆம் திகதி, ஓல்ட்பரோவுக்கு அண்மையிலுள்ள ஓர்ஃபோர்ட் ஊர்த் தேவாலயத்திற் பிரிற்றனின் 'நோயின் பெருவெள்ளம்' அரங்கேறியது. விவிலியத்தில் வரும் நோவாவின் கதை. பாட்டெழுத்து புதியதன்று, செஸ்ரர் நகரத்து மத்தியகால நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அக்காலத்தில் அந்நகரத்துத் தொழிலாளர் சங்கங்கள் ஒவ்வொன்றும் விவிலியக் கதையொன்றை ஏற்று நடித்தன. நோவாவின் வெள்ளத்தை நடிக்கும் உரிமை யாருக்கு இருந்தது தெரியுமா? ஆற்றிலே தண்ணீர் அள்ளி வீடுகளுக்குச் சுமந்த தொழிலாளர்களுக்கு! நமது ஊர்களில் அண்ணாவியாரைச் சுற்றிக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் கூத்தாடிய மரபை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அந்தப் படைப்பிலே தொழில்முறைக் கலைஞர்கள் ஒரு சிலர் மாத்திரமே. நோவா, அவர் மனைவி, இறைவனின் குரல், தந்தி வாத்தியக்காரர் ஐவர், இன்னும் சில வாத்தியக்காரர். ஏனையோர் எல்லாரும் அயலூர்ப் பிள்ளைகள். பேழைக்குள் ஏறும் மிருகங்களும் பறவைகளும் பிள்ளைகள். கொம்பு ஊதுவோரும், குழல் வாசிப்போரும், வயலின் வாசிப்போரும் பிள்ளைகள்.

வயலின் வாசிக்கும் பிள்ளைகளைப் பிரிற்றன் மூன்று தரமாகப் பிரித்தார். முதலாவது அணிக்கு ஓரளவு தேர்ச்சி வேண்டும். இரண்டாம் அணியினர் கையை முதல் நிலையிலிருந்து நகர்த்த வேண்டியதில்லை. மூன்றாம் அணியினர் நேற்று வில்லைப் பிடித்தவர்கள். அவர்கள் நீண்ட நேரம் விரலே பதிக்காமல் வெறுந்தந்தியை மட்டும் இழுக்கலாம். ஆனால் அந்த வெறுந்தந்தி ஒலி இல்லாவிட்டால் முழு இசையிலும் ஒரு துவாரம் விழும். அதுதான் விசேஷம்.

மழை பெய்யத் தொடங்கவேண்டும். முதல் துளிகளின் ஓசையை எந்த வாத்தியத்தில் எழுப்புவது? பிரிற்றன் யோசித்துக்கொண்டிருந்தார். இமோஜன் ஹோல்ஸ்ற் அவரைத் தமது குசினிக்குள் அழைத்துச் சென்றார். ஒரு கயிற்றிலே தேநீர்க் கோப்பைகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, மர அகப்பையினாலே தட்டிக் காட்டினார். யுத்த காலத்திலே கிராமத்துப் பெண்கள் சங்கங்களுக்குத் தாளம் பழக்கியபோது கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு அவர் கண்ட உத்தி அது. நமது ஜலதரங்கத்துக்குக் கிண்ணம் தேர்ந்தெடுத்துத் தண்ணீர் அளந்து சுருதி சேர்க்கவேண்டும். இதற்கு அவ்வளவு தேவையில்லை. தட்டினால் மழைத்துளி விழும். அந்தக் கோப்பைகள் பிரிற்றனின் இசைச்சுவடியிலே மற்ற வாத்தியங்களோடு சரிசமமாக ஏறின.

துளி பெருகிப் புயலாகின்றது. புயல் உச்சத்தில் நிற்கும்போது, கடலிலே இடருறுவோரைக் காக்கும்படி இறைஞ்சும் பக்திப் பாடலை நோவாவோடு சேர்ந்து தேவாலயத்துச் சனங்கள் அனைவரும் எழுந்து பாடுகின்றார்கள். கடலுக்குப் போனவர் திரும்புவாரோ என்று கரையிற் காத்திருந்த பழக்கம் பரம்பரையாக உள்ள மண் அது. அங்கே அந்தப் பாட்டு நடிப்பு அல்ல. பிறகு புயல் தணிந்து, மீண்டும் கோப்பைகளின் சில துளிகளோடு மழை ஓய்கின்றது. வானவில் தோன்றும் நேரத்திற் பிள்ளைகள் கைமணிகளை அசைக்கின்றார்கள். இந்தப் படைப்பைத் தேவாலயத்திலோ பெரிய மண்டபத்திலோ நடத்தலாம். நாடக அரங்கில் வேண்டாம் என்று பிரிற்றன் எழுதிவைத்தார்.

நேயர்களே, இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட வெட்கமே அதிகம் ஏற்பட்டது. அதன் காரணத்தைச் சொல்லிவிடுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ்த்தினப் போட்டிக்குக் குழுப்பாடல் பழக்கிய இசை ஆசிரியருக்கு நான் துணையாக நின்றேன். பின்வரிசையில் ஒரு மாணவன். சொல் சுத்தம், உற்சாகத்துக்குக் குறைவில்லை, சுருதி மட்டும் சேராது. போட்டிக்கு முதல்நாள் அவனை அருகே அழைத்து, "தம்பி, நாளைக்கு நீர் வாயை மட்டும் அசையும், சத்தம் போடவேண்டாம்" என்றேன். "ஓம் சேர்" என்றான். மேடையில் அப்படியே செய்தான். எங்களுக்குப் பரிசும் கிடைத்தது. சான்றிதழில் அவனுடைய பெயரும் இருந்தது. அதன் பிறகு அவன் எந்தப் பாட்டுப் பயிற்சிக்கும் வரவில்லை. நான் அப்போது அதைக் கவனிக்கவுமில்லை.

போட்டி என்றாற் சுருதி வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். பிரிற்றனும் சுருதியை விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகள்தானே என்று தரத்தைத் தாழ்த்தவுமில்லை. அந்தப் புயற்பகுதி, அடியிலே ஒரே இசைத்தொடர் திரும்பத் திரும்ப வர, மேலே இசை வளர்ந்து செல்லும் பழைய இறுக்கமான வடிவத்தில் அமைந்தது. பண்டிதர்களும் குறைகாண முடியாத கட்டுமானம். அதே மனிதர்தான் செலோ வாத்தியமேதை ரொஸ்ற்றப்போவிச்சுக்காக எழுதிய செலோ சொனாற்றாவை, 1961இல் அதே சின்ன ஜுபிலி மண்டபத்தில் அவரோடு தாமே பியானோ வாசித்து அரங்கேற்றினார். மேதைக்கு எழுதிய கையும் கோப்பை தட்டும் பிள்ளைக்கு எழுதிய கையும் ஒன்றுதான். ஒவ்வொருவராலும் எது முடியும் என்று முதலிற் பார்த்து, அது தவிர்க்க முடியாத இடமாக அமையும்படி அவர் இசையைக் கட்டினார். நான் செய்தது அந்தப் பிள்ளைக்குச் சலுகை கொடுத்தது. அவர் செய்தது பங்கு கொடுத்தது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

1964இல் அமெரிக்காவில் அஸ்பன் விருதை ஏற்றுப் பேசியபோதும் பிரிற்றன் இதையே வற்புறுத்தினார். தாம் வாழும் இடத்து மக்களுக்குப் பயன்படும்படி எழுதவேண்டும் என்பதும், யாருக்காக, எந்த இடத்துக்காக எழுதுகின்றோம் என்பதை மறக்கலாகாது என்பதும் அவ்வுரையின் சாரம்.

விழா வளர்ந்தது. ஸ்நேப் என்னும் அயற்கிராமத்தில், வாற்கோதுமையை முளைகட்டிப் பதப்படுத்திய பழைய ஆலையொன்றை எண்ணூறுக்கு மேற்பட்டோர் அமரும் மண்டபமாக்கி, 1967இல் எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1969 ஜூன் 7ஆம் திகதி விழாவின் முதல் இரவிலேயே, அது தீப்பற்றி எரிந்து கூரையின்றி நின்றது. விழாவை நிறுத்தினார்களா? இல்லை. நிகழ்ச்சிகளை ஊர்த் தேவாலயங்களுக்கு மாற்றினார்கள். கட்டடம் இல்லாமல் தொடங்கிய விழா, கட்டடம் இல்லாமலும் நடக்கத் தெரிந்திருந்தது. அடுத்த ஜூனில் மண்டபம் மீண்டும் திறக்கப்பட்டது.

வளர்ச்சியில் ஓர் ஆபத்தும் உண்டு. பெயர் பெற்ற விழாவுக்கு நகரத்துச் செல்வர்கள் வருவார்கள். நுழைவுச்சீட்டின் விலை ஏறும். ஊரவர் வாசலில் வாகனம் நிறுத்தும் இடத்தைக் காட்டுபவர்களாக மாறிவிடுவார்கள். எந்த ஊர்த் திருவிழாவுக்கும் நேரக்கூடியதே இது. அதைத் தடுக்கும் வேலி கல்விப் பணிதான். 1972இல் இளம் பாடகர்களுக்கான பயிற்சியாகத் தொடங்கிய முயற்சி 1979இல் ஸ்நேப்பிலேயே ஒரு பாடசாலைக் கட்டடமாயிற்று. பிரிற்றன் 1976 டிசம்பர் 4ஆம் திகதி காலமானார். அவரது கடைசி நால்வர்குழுப் படைப்பு பதினைந்து நாள் கழித்து ஸ்நேப் மண்டபத்தில் அரங்கேறியது. இமோஜன் ஹோல்ஸ்ற் 1984இலும் பியர்ஸ் 1986இலும் மறைந்தனர். ஆனாற் பணி நிற்கவில்லை. 2020 முதல் 'பிரிற்றன் பியர்ஸ் ஆர்ட்ஸ்' என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் விழாவை நடத்துவதுடன், பாடசாலைப் பிள்ளைகள், மறதிநோயுற்ற முதியோர், அவர்களைப் பராமரிப்போர், சிறையிலிருப்போர் ஆகியோரிடமும் இசையைக் கொண்டுசெல்கின்றது.

பிரிற்றன் இளவயதில், தம் தமையனார் ஆசிரியராக இருந்த பாடசாலையில் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் மாணவர் பாடுவதற்கென்று எளிய பாடல்கள் சில எழுதிக் கொடுத்திருந்தார். 2013 நவம்பர் 22ஆம் திகதி, அவரது நூற்றாண்டுப் பிறந்தநாளன்று, பல நாடுகளிலும் பல்லாயிரக் கணக்கான பிள்ளைகள் அப்பாடல்களைப் பாடினார்கள். ஒரு நூற்றாண்டு விழாவை இதைவிடப் பொருத்தமாகக் கொண்டாட முடியுமா?

இவ்வளவும் கிறாப் என்னும் கவிஞர் தம் ஊரைப் பற்றி ஒளிக்காமல் எழுதியதிலிருந்தே தொடங்கிற்று. அந்த ஊர் ஒரு சிறுவனைக் காப்பாற்றத் தவறியதைக் கவிதை சொன்னது. அதே ஊரில் எழுந்த விழா, எந்தச் சிறுவனையும் வெளியே நிறுத்தாத இசையைச் செய்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலே கடந்துபோன பின்னர் ஒரு கவிதைக்குக் கிடைத்த பதில் என்றே இதனை நான் கொள்கின்றேன்.

நாடகம், குழுப்பாடல், கவியரங்கு என்று பாடசாலைகளிற் பழக்கும் என் போன்ற ஆசிரியர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பின்வரிசையில் நிற்கும் பிள்ளையை வாயை மட்டும் அசைக்கச் சொல்லுமுன், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே சில கோப்பைகளும் ஓர் அகப்பையும் நிச்சயம் இருக்கும்.